பரஸ்தானம் போன கோட்டு

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் பக்கிரிசாமியைப் பார்க்கிறவர்கள் மணி என்ன என்று கேட்கமாட்டார்கள். இராகுகாலம் முடிந்துவிட்டதா என்றுதான் கேட்பார்கள். மனிதர் ரயில் நிலையத்தில் பாயிண்ட்ஸ்மேன். எந்த வண்டி எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டுமோ அதற்குத் தக்கபடி நெம்புகோலை இழுத்துவிடுகிற வேலை. வேலையில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. வீட்டில்தான் அவருடைய இம்சை தாங்காது. முடி வெட்டிக்கொள்ள நாள் பார்க்க வேண்டும், புதுத்துணி உடுத்த நேரம் பார்க்க வேண்டும், பஞ்சாங்கத்தைப் புரட்டாமல் அந்த வீட்டில் உலை கொதிக்காது.

“தும்மறதுக்கும் ஒரு நேரம் பாத்துச் சொல்லிடுங்க. அதுவரைக்கும் மூக்கைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன்” என்பாள் அவர் மனைவி நல்லம்மாள். அவளுக்கு நாளும் கிடையாது கோளும் கிடையாது. இப்படி இரண்டு பேரை ஒரே நுகத்தில் பூட்டிய ஜோசியரை என்ன செய்தால் தகும்?

இவர்களுக்கு ஒரே பிள்ளை, இராதாகிருஷ்ணன். சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் நல்லபடியாகத் தேறியவன். பாலம் கட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. சின்ன வயதில் வெற்றிலைப் பெட்டியின் மேல் ஈர்க்குச்சியை வைத்துப் பாலம் கட்டினான். வளர்ந்த பிறகு கணக்கு நோட்டில் கட்டினான். ஆனால் ஆசை இருந்தால் போதுமா? கையில் என்ன இருந்தது? ரயில்வே சரக்குக் கொட்டகையில் ஒரு குமாஸ்தா வேலைதான் காத்திருந்தது. அதில் உட்கார்ந்தால் பாலத்தின் மேல் போகிற மூட்டைகளை எண்ணலாமே தவிர, பாலம் கட்ட முடியாது.

அந்தச் சமயத்தில்தான் கிள்ளான் அய்யாவு கதவைத் திறந்தார். தண்டவாளத்துக்குக் கல் உடைத்துக் கொடுக்கிற கான்ட்ராக்டில் ஆரம்பித்து, கிள்ளானுக்குப் பக்கத்து மேருவில் ரப்பர்த் தோட்டம் வாங்குகிற அளவுக்கு உயர்ந்த மனிதர். ஒரே ஒரு தமிழ்ப் பிள்ளையை ஹாங்காங் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி என்ஜினீயர் படிக்க வைக்க உபகாரச் சம்பளம் ஏற்படுத்தினார். கப்பல் கூலி முதல் சாப்பாடு வரை எல்லாம் அவர் பொறுப்பு. மனுப் போட்டவர்களில் நான்கு பேரைக் கிள்ளானுக்கு நேரில் வரச்சொன்னார்கள். அதில் இராதாகிருஷ்ணனும் ஒருவன்.

நல்லம்மாள் சந்தோஷத்தில் அடுப்பில் இருந்த குழம்பை மறந்தாள். பக்கிரிசாமி மட்டும் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“போச்சு! வெள்ளிக்கிழமை காலம்பற பதினொரு மணியாம். சுத்தமான இராகுகாலம். அது போகட்டும்னா, வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். கிள்ளான் எங்கே இருக்கு? மேற்கே!”

“வெல்லத்தைக் கடிச்சிட்டுக் கிளம்பினா சூலம் போயிடும்னு நீங்கதானே சொல்லுவீங்க?”

“அது பாசாருக்குப் போறதுக்கு லா. ஹாங்காங் போறதுக்கு வெல்லம் பத்துமா?”

இரண்டு நாள் யோசித்து அவரே வழி கண்டுபிடித்தார். பரஸ்தானம்! புறப்படுகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் வருகிற நல்ல நேரத்தில், போகிறவனுடைய பொருள் ஒன்றைக் கொண்டுபோய்ப் போகிற திசையில் உள்ள இன்னொரு வீட்டில் வைத்துவிட வேண்டும். அப்படி வைத்துவிட்டால் ஆள் அப்போதே புறப்பட்டுவிட்டதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டு போகலாம். வைத்த பொருள் மட்டும் வீட்டுக்குத் திரும்பி வரக்கூடாது.

“ஒரு துண்டை வைங்களேன்” என்றாள் நல்லம்மாள்.

“துண்டு வச்சா துண்டுதான் ஹாங்காங் போகும். படிக்கப் போறவன் கோட்டு போகணும்டி!”

பிள்ளைக்கு இருந்ததே ஒரு கோட்டுதான். பாசாரில் பழைய துணி விற்கிற கடையில் வாங்கி, இடுப்பைப் பிடித்துத் தைத்தது. அதையும் கால்சட்டையையும் சப்பாத்தையும் ஒரு பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு, வியாழக்கிழமை காலையில் நல்ல ஓரை பார்த்துக் கிளம்பினார் பக்கிரிசாமி. குவாட்டர்ஸ் வரிசையின் மேற்குக் கோடியில் இருந்தது கார்டு கபிரியேலின் வீடு. கிள்ளான் வண்டிக்குப் பச்சைக் கொடி காட்டுகிற கார்டு அவர். வாசலில் அவர் மனைவி மகதலேனா நின்றாள்.

இங்கேதான் மனிதர் கோட்டைவிட்டார். பரஸ்தானம் வைக்கப் போகும்போது வளவளவென்று பேசக்கூடாது, எதற்கு என்று விளக்கம் சொல்லக்கூடாது என்பது அவர் கேள்விப்பட்ட சாத்திரம். மூட்டையை வராந்தாவில் வைத்தார். “இருக்கட்டும் தங்கச்சி” என்றார். விறுவிறுவென்று நடந்துவிட்டார். மகதலேனா வேதக்காரி. பரஸ்தானத்தை அவள் எங்கே கண்டாள்? வியாழக்கிழமைதோறும் மாதா கோயில் ஏழைகளுக்காகப் பழைய துணி சேர்க்கிற புண்ணியவதி அவள். ‘பக்கிரி அண்ணனுக்கு எவ்வளவு பெரிய மனசு!’ என்று கண்கலங்கி, சாயங்காலமே மூட்டையைக் கோயிலில் சேர்த்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. குளித்து முழுகி, வேட்டி சட்டையோடு பிள்ளையை அழைத்துக்கொண்டு கபிரியேல் வீட்டு வாசலுக்கு வந்தார் பக்கிரிசாமி.

“தங்கச்சி, மூட்டையைக் கொடும்மா. வண்டிக்கு நேரமாச்சு.”

“எந்த மூட்டைண்ணே? ஏழைங்களுக்குக் கொடுத்தீங்களே, அதுவா?”

பக்கிரிசாமி பரஸ்தானக் கதையை அரைகுறையாகச் சொன்னார். விஷயம் புரிந்ததும் மகதலேனா, “மாதாவே!” என்று வாயில் அடித்துக்கொண்டாள். “அது போட்டுக்கிற கோட்டுன்னு எனக்கு எப்படிண்ணே தெரியும்? பாத்தா அப்படி இல்லையே!” என்று வேறு சொல்லிவிட்டாள். வெந்த புண்ணில் வேல்.

“இன்னொரு தரம் சொல்லு” என்றாள் பின்னாலேயே வந்திருந்த நல்லம்மாள். “நான் துண்டை வைங்கன்னேன். கேட்டாரா இந்த மனுஷன்?”

அன்று கபிரியேலுக்கு ஓய்வு நாள். சத்தம் கேட்டு எழுந்து வந்தவர், பேச்சை வளர்க்காமல் உள்ளே போய்த் தம்முடைய சீருடைக் கோட்டையும் கால்சட்டையையும் சப்பாத்தையும் எடுத்து வந்தார். கறுப்புக் கோட்டு, பளபளவென்று பித்தளைப் பொத்தான்கள். “தம்பி, போடுலா” என்றார். கபிரியேல் நல்ல ஆகிருதி. இராதாகிருஷ்ணனோ வெண்டைக்காய். கோட்டுக்குள் பையனைத் தேட வேண்டியிருந்தது. கால்சட்டையை அரைஞாண் கயிற்றோடு சேர்த்துக் கட்டினார்கள். சப்பாத்தின் முனையில் பழைய துணியை அடைத்தார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று பக்கிரிசாமிக்கு அழுகை வந்தது.

ரயிலடியில் நிற்கும்போது இராதாகிருஷ்ணன் அப்பாவின் கையைச் சுரண்டினான். “அப்பா, அங்கே பாருங்க. நம்ம கோட்டு!”

ஆமாம். ஒரு கிழவர் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கால்சட்டையும் சப்பாத்துமாக, ஏதோ தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி மாதிரி நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அது அளவெடுத்துத் தைத்தது போல் இருந்ததுதான் கொடுமை.

“கேட்டு வாங்கட்டுமா?” என்றான் பையன்.

கிள்ளான் வண்டி வந்தது. கிழவர் அதில் ஏறினார். பக்கிரிசாமியின் முகம் திடீரென்று மலர்ந்தது.

“தொடாதே! மேற்கேதான்டா போகுது! பரஸ்தானம் கலையல. அதுபாட்டுக்குப் போகட்டும், விடு!”

வண்டியில் நிம்மதியாக உட்கார முடிந்ததா? பித்தளைப் பொத்தானைக் கண்டவர்களெல்லாம் இராதாகிருஷ்ணனைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு அம்மா, பெட்டாலிங்கில் வண்டி நிற்குமா என்று கேட்டாள். ஒரு சீனர் கோழிக்கூடையை எங்கே வைப்பது என்று கேட்டார். பையன் பொறுமையாக எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டே, மனத்துக்குள் கணக்குச் சூத்திரங்களை உருப்போட்டுக்கொண்டு வந்தான். உண்மையான கார்டு அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, கோட்டை அடையாளம் கண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்.

அய்யாவு வீட்டுக் கூடத்தில் மேசைக்குப் பின்னால் அய்யாவும், தர்மக் காரியங்களைக் கவனிக்கிற வெள்ளைக்கார வக்கீலும் உட்கார்ந்திருந்தார்கள். பதினொரு மணி என்று நேரம் குறித்தவர் அந்த வக்கீல்தான். மற்ற மூன்று பையன்களும் வெள்ளைவெளேரென்று கஞ்சி போட்ட கோட்டில் வந்திருந்தார்கள். பக்கிரிசாமி ஜன்னலுக்கு வெளியே நின்று, வேண்டாத தெய்வமில்லை. பத்துமலை முருகனுக்கு மட்டும் மூன்று தடவை மொட்டை நேர்ந்துகொண்டார்.

இராதாகிருஷ்ணன் உள்ளே நுழைந்ததும் ஒரு காரியம் நடந்தது. அய்யாவு சட்டென்று எழுந்து நின்றார். கை தானாகச் சட்டைப் பையைத் துழாவியது. பிறகுதான் அவருக்குத் தன் நினைவு வந்தது. பெரிதாகச் சிரித்தார்.

“டிக்கெட்டைத் தேடிட்டேன் துரை! கல்லு உடைச்ச காலத்துல எத்தனை தடவை டிக்கெட் இல்லாமப் போயி, இந்தக் கோட்டுக்காரன் கையில மாட்டி உதை வாங்கியிருக்கேன்! இன்னும் நெஞ்சு அடிச்சிக்குது.” பிறகு பையனைப் பார்த்து, “ஏன்டா தம்பி, இது யார் கோட்டு?” என்றார்.

பையன் உள்ளது உள்ளபடி சொன்னான். சூலத்தையும் பரஸ்தானத்தையும் வக்கீல் துரைக்கு இங்கிலீஷில் வேறு விளக்கினான். துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஜன்னலுக்கு வெளியே பக்கிரிசாமிக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கக்கூடாதா என்றிருந்தது. ஆனால் சிரித்த வாய் மூடியதும் துரை கேள்விகளை ஆரம்பித்தார். அதில் பையன் பின்வாங்கவில்லை. பாலத்தின் நடுவில் எடை நின்றால் எந்தக் கால் எவ்வளவு தாங்கும் என்று கேட்டதற்கு, தொளதொள கைகளை மடித்துவிட்டுக்கொண்டு காகிதத்தில் போட்டே காட்டினான்.

பதினொன்றரைக்கெல்லாம் துரை முடிவைச் சொல்லத் தயாராகிவிட்டார். அய்யாவு விடவில்லை. காப்பி வரவழைத்தார். காப்பி முடிந்ததும் வாழைப்பழம். பழம் முடிந்ததும் நான்கு பையன்களிடமும் அவர்கள் தாய்மாமன் பெயரைக் கேட்டார். துரை கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பொறுமையிழந்தார். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு அடித்து ஓய்ந்த பிறகுதான் அய்யாவு நிமிர்ந்து உட்கார்ந்து, “இப்ப சொல்லுங்க துரை” என்றார். ‘இவனல்லவா மனுஷன்!’ என்று பக்கிரிசாமிக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

துரை இராதாகிருஷ்ணன் பெயரைச் சொன்னார்.

அய்யாவே வெளியே வந்து பக்கிரிசாமியின் தோளில் தட்டினார். “கெட்டிக்காரப் பிள்ளையைப் பெத்திருக்கீங்கய்யா. சிங்கப்பூர் வழியா ஹாங்காங்குக்கு வாரா வாரம் கப்பல் இருக்கு. நாளை நீங்களே பாத்துச் சொல்லுங்க. உங்களைவிட யாரு பாப்பா?”

பெரிய கௌரவம். நல்லம்மாள் பெட்டியில் சாமான் அடுக்க ஆரம்பித்தாள். பக்கிரிசாமி பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்தார். முதல் கப்பல் அஷ்டமியில் கிளம்பியது, வேண்டாம் என்றார். அடுத்தது பையனுக்குச் சந்திராஷ்டமம். அதற்கடுத்த வாரம் எல்லாம் பொருந்தியிருந்தது. பிடிவாதமாக யோசித்து, தை மாதத்தில் பல்லி விழுந்ததை ஞாபகப்படுத்திக்கொண்டு அதையும் தள்ளினார். பல்கலைக்கழகம் திறக்கிற நாள் நெருங்கியது. இனி ஒரே கப்பல்தான் பாக்கி. அதை விட்டால் இடம் இரண்டாவதாக வந்த பையனுக்குப் போய்விடும் என்று கிள்ளானிலிருந்து ஆள் வந்து சொல்லிப் போனான்.

அந்தக் கப்பல் செவ்வாய்க்கிழமை, மாலை மூன்றரை மணிக்கு. இராகுகாலம். கரிநாள். போதாததற்கு நவமி.

“பாத்தியா? நான் என்ன செய்வேன்? நாள் அமையலையே” என்றார் பக்கிரிசாமி.

நல்லம்மாள் அவர் கையிலிருந்த பஞ்சாங்கத்தைப் பிடுங்கி மூடினாள்.

“அமைஞ்ச நாளையெல்லாம் தள்ளினது யாரு? நீங்க நல்ல நாள் தேடல. கெட்ட நாள் தேடினீங்க.”

பக்கிரிசாமி வழக்கம்போல் எகிறுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். “ஒத்தைப் பிள்ளைடி. அவ்வளவு தூரம் போயிட்டா அவனுக்கு ஒரு நல்லது கெட்டது பாத்துச் சொல்ல ஆளு யாரு இருக்கா?” என்றார்.

நல்லம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் அழுகை வந்தது. இரண்டு பேரும் அழுது முடித்த பிறகு அவர் மூக்கைச் சிந்திவிட்டு, “செவ்வாய்க்கிழமையே போகட்டும். பாலம் கட்டுறவன் சரக்குக் கொட்டகையில உக்காரக் கூடாது” என்றார்.

சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் அன்று நல்ல வெயில். கபிரியேலும் மகதலேனாவும் வந்திருந்தார்கள். மகதலேனா புதுக் கோட்டு ஒன்று தைத்துக் கொண்டுவந்திருந்தாள். அதைப் போட்டுக்கொண்டு எல்லாரையும் கும்பிட்டுவிட்டு, இராதாகிருஷ்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏணியில் ஏறினான். பாதி ஏணி ஏறியிருப்பான்.

“ராதா!”

கூப்பிட்டது பக்கிரிசாமி! கிளம்பிப் போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது என்று குவாட்டர்ஸ் முழுக்கப் பாடம் நடத்திய மனிதர். கபிரியேல் திடுக்கிட்டுத் திரும்பினார். பையன் பெட்டியை ஏணியிலேயே வைத்துவிட்டு, ஏறி வருகிறவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு கீழே ஓடிவந்தான்.

“என்னப்பா?”

பக்கிரிசாமி அவன் கோட்டுப் பொத்தானைச் சரிசெய்தார்.

“ஒண்ணுமில்லடா. சும்மாதான் கூப்பிட்டேன்.”

“கூப்பிட்டது கூப்பிட்டாச்சு” என்றாள் நல்லம்மாள். “இனிமே என்ன சகுனம்? நல்லாக் கட்டிப் பிடிச்சிக்கோங்க.”

பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கப்பல் ஊதியது. மறுபடியும் ஊதியது. அவர் விடவில்லை.