அழுத்திப் பார்க்கிற வேலை

படித்த படிப்புக்காகத்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். முதல் ஆளுக்கு இந்த மாதிரி நினைப்பெல்லாம் வரும். அவர்கள் என்னை எடுத்தது என் கைக்காக.

ஊன்றுகோலின் அடியில் மாட்டுகிற ரப்பர் புஷ் செய்கிற கம்பெனி அது. கால் முடியாதவர்கள் தரையில் ஊன்றுவது கட்டையை அல்ல, அந்த ரப்பரைத்தான். அது ரொம்ப மிருதுவாக இருந்தால் சீக்கிரம் தேய்ந்து போகும். ரொம்பக் கெட்டியாக இருந்தால் தரையைப் பிடிக்காது, ஈரத்தில் வழுக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை.

பார்ப்பதற்கு ஒரு மீட்டர். உள்ளங்கையில் அடங்குகிற வட்டமான பெட்டி, முகப்பில் கடிகாரம் மாதிரி முள், அடியில் ஒரு தட்டு, தட்டின் நடுவில் துருத்தி நிற்கும் மழுங்கிய ஒரு ஊசி. ரப்பர் மேல் வைத்து அழுத்தினால் ஊசி எவ்வளவு இறங்க முடியாமல் திணறுகிறதோ அவ்வளவுக்கு முள் ஏறும். ஐம்பத்தைந்திலிருந்து அறுபத்தைந்துக்குள் நின்றால் பாஸ். வெளியே போனால் சரக்கு முழுக்கத் திரும்ப வேண்டியதுதான்.

நேர்முகத் தேர்வில் மேனேஜர் என் சான்றிதழைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. பத்துப் புஷ்களை மேஜையில் வைத்து, "அழுத்திப் பாரும்மா" என்றார். அழுத்தினேன். முள்ளைப் பார்த்தவர் முகம் மலர்ந்தது. "கைராசிக்காரி!" என்றார். பெருமையில் அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அந்த மேஜையில் எனக்கு முன்பிருந்தே ஒருவர் இருந்தார். ஓங்கி ஓங்கி அழுத்துவதால் அவருக்கு உலக்கை என்று பெயர். எனக்கு டிகிரி என்று பெயர் வைத்தது அவர்தான். மேனேஜரே காலையில் வந்து சரக்கைப் பிரித்துக் கொடுப்பார்: இது டிகிரிக்கு, இது உலக்கைக்கு. கெட்டியாகத் தெரிகிற சரக்கெல்லாம் எனக்கே வரும். கஷ்டமான வேலையைப் படித்தவளிடம் கொடுக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். எவ்வளவு மடத்தனம்.

ஒருநாள் மீட்டரைச் சரிபார்க்கிற ரப்பர் கட்டையை எடுத்து வைத்தேன். அதன் மேலேயே அறுபது என்று பொறித்திருக்கும். என் கையில் ஐம்பத்துநான்கு காட்டியது. மீட்டர் கெட்டுவிட்டது என்று உலக்கையிடம் நீட்டினேன். அவர் ஒரே குத்தாகக் குத்தினார். அறுபத்துநாலு.

"மீட்டருக்கு ஒண்ணுமில்ல டிகிரி. நீ பூ மாதிரி வைக்கிற. நான் இடிக்கிறேன்."

"அப்போ எது சரி?"

"சரியா?" அவர் சிரித்தார். "சரக்கு தொளதொளன்னு வந்தா எங்கிட்ட வரும், நான் ஏத்திருவேன். கல்லு மாதிரி வந்தா உங்கிட்ட வரும், நீ எறக்கிருவ. உன்னை எடுத்தப்பவே அதைத்தானே பாத்தாரு? நான் என்னமோ உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்தக் கம்பெனியில் யாரும் பொய் எண் எழுதியதே கிடையாது. முள் காட்டியதைத்தான் எழுதுவார்கள். எந்தக் கை அழுத்துவது என்பதை மட்டும் மேனேஜர் முடிவு செய்வார். எல்லோருக்கும் மனசாட்சி சுத்தம். என் கையெழுத்தோடு எத்தனை லோடு போயிற்று என்று பழைய நோட்டைப் புரட்டி எண்ணிப் பார்த்தேன்.

கை இல்லாமல் அழுத்துகிற ஸ்டாண்ட் ஒன்று விற்கிறார்கள், வாங்கலாம் என்று மேனேஜரிடம் போய்க் கேட்டேன். "தண்டச்செலவு. உன் கை இருக்கும்போது ஸ்டாண்ட் எதுக்கு?" என்றார்.

ரிப்பேர் ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்த பழைய டிரில் ஸ்டாண்டைத் தேடி எடுத்தேன். மீட்டரை அதில் கட்டி, தலையில் ஒரு கிலோ எடைக்கல்லை வைத்தேன். கைப்பிடியை விட்டால் கல்லின் கனம் மட்டும் இறங்கும். அறுபது கட்டையை வைத்தேன். அறுபது. மறுபடியும் வைத்தேன். அறுபது. பிறகு அன்று எனக்கென்று ஒதுக்கியிருந்த சரக்கிலிருந்து ஒரு புஷ்ஷை எடுத்து வைத்தேன். எழுபத்திரண்டு. இன்னொன்று. எழுபத்தொன்று.

அதையே எழுதினேன். லோடு நின்றது.

மேனேஜர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை. என் சித்தப்பாவைக் கூப்பிட்டனுப்பினார்.

அப்பாவின் தம்பி அவர். அங்கே ரப்பர் கலக்கிற மில்லில் வேலை. என்னைக் கல்லூரியில் சேர்க்க வரிசையில் நின்றவர், விண்ணப்பத்தில் எதை எங்கே எழுதுவது என்று தெரியாமல் முன்னால் நின்றவர்களிடமெல்லாம் கெஞ்சிக் கேட்டவர் அவர்தான். என்னை இந்தக் கம்பெனிக்குக் கூட்டி வந்தவரும் அவரே. ரப்பரை இளக்குகிற எண்ணெய் விலை ஏறிவிட்டதால் குறைத்துப் போடும்படி மேனேஜர் வாயால் சொன்னதை, போன வாரம்தான் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

கை முழுக்க, ரப்பரில் கலக்கிற கரித்தூளோடு வந்து நின்றார்.

"எழுபத்திரண்டு வந்திருக்காம். உங்க பொண்ணு எழுதியிருக்கு" என்றார் மேனேஜர். "இவ்வளவு கெட்டியாச்சுன்னா கலவையில தப்பு. கலந்தவரு நீங்க. உங்களை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"சார், எண்ணெயக் குறைக்கச் சொன்னது நீங்கதானே?" என்றேன்.

"நானா? அவரு சொல்லட்டும்."

சித்தப்பா என்னைப் பார்க்கவில்லை. "இல்லைங்க, நான்தான் அளவு தவறிட்டேன்" என்றார்.

"சித்தப்பா!"

"நீ சும்மா இரும்மா."

மேனேஜர் குரலைத் தணித்துக்கொண்டார். "யாரு வயித்துலயும் அடிக்கிறது எனக்குப் பிடிக்காது. இந்த ஸ்டாண்டு கீண்டெல்லாம் நம்ம வழக்கத்துலயே இல்ல. எப்பவும் போலக் கையால ஒருதரம் பாரும்மா. முள்ளு என்ன காட்டுதோ அதை எழுது. பொய் எழுதுன்னு நான் சொல்லவே மாட்டேன்."

மீட்டரைக் கழற்றி என் முன்னால் வைத்தார். நான் எப்போதும் போல மென்மையாக வைத்தால் அறுபத்தைந்துக்குள் நிற்கும். சித்தப்பாவின் வேலை தங்கும். எனக்கும் தெரிந்தது, சித்தப்பாவுக்கும் தெரிந்தது. "பாரு பாப்பா" என்றார் சித்தப்பா மெதுவாக. சின்ன வயதில் கூப்பிடுகிற பெயர்.

அடித்தட்டு ரப்பரோடு ஒட்டி உட்காருகிற வரை அழுத்தினேன். எழுபத்தொன்று.

"எழுபத்தொண்ணு சார்."

பிறகு சித்தப்பா கரிக்கையை வேட்டியில் துடைத்தார். "நான் பாக்கலாமுங்களா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் என் கையிலிருந்து மீட்டரை வாங்கிக்கொண்டார். அந்தக் கை நாளெல்லாம் மூட்டை மூட்டையாக ரப்பரை உருளைக்குள் தள்ளுகிற கை. தூங்குகிற குழந்தையின் நெற்றியைத் தொடுவது போல அதை இறக்கினார். கண் முள்ளின் மேலேயே இருந்தது. முள் ஏறி ஏறி வந்தது. வேண்டிய இடம் வந்ததும் கை நின்றுவிட்டது.

"அறுபத்திமூணுங்க."

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். "அடேயப்பா! உங்க குடும்பத்துக்கே கைராசி!"

மதியத்துக்குள் எல்லாம் மாறிவிட்டது. சித்தப்பா சோதனை மேஜைக்கு. மில்லுக்கு வேறு ஆள். எனக்கு பேக்கிங். அறுபத்துமூன்று என்று ஒட்டிய பெட்டிகளுக்கு நான் டேப் போட வேண்டுமாம். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். உலக்கை தலையைக் குனிந்துகொண்டு எதையோ துடைப்பது போல இருந்தார்.

கேட்டுக்குப் பக்கத்தில் சித்தப்பா ஓடி வந்தார்.

"கோவமா போகாத. உனக்குப் படிப்பு இருக்கு, எங்க போனாலும் பொழச்சுக்குவ. இந்த வயசுல என்னை எவன் எடுப்பான், சொல்லு?"

"வழுக்கி விழறவங்க?"

"அவங்க யாருன்னு எனக்குத் தெரியாதும்மா. உன் சித்தியத் தெரியும். உன்னைத் தெரியும்."

"என்னைத் தெரியுமா? நல்லாத் தெரியும் உங்களுக்கு."

முகத்தில் அறைந்தது போல நின்றார். அதற்கு மேலும் ஏதாவது சொல்லியிருப்பேன். அப்படியும் அவர் போகவில்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே தயங்கினார்.

"ஒண்ணு கேக்கணும்."

"என்ன?"

"வாங்கற கம்பெனிக்காரங்க வந்து பக்கத்துல நின்னு பாப்பாங்களாமே. எப்படிப் பிடிக்கணும், எத்தனை எடத்துல வைக்கணும்னு கேட்டா நான் என்ன சொல்றது? எனக்கு ஒண்ணும் தெரியாதேம்மா."

முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்க வேண்டும். ஏன் சொன்னேன் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

"ஒரு பீஸ்ல அஞ்சு எடம். ஓரத்துல வைக்கக்கூடாது. நேரா பிடிக்கணும், சாய்க்கக்கூடாது. சூடா இருக்கறப்போ பாக்கக்கூடாது, ஆறணும்." கொஞ்சம் நிறுத்தினேன். "தட்டு நல்லா ஒட்டற வரைக்கும் முழுசா அழுத்தணும்."

அவர் பள்ளிக்கூடப் பையனைப் போல விரல் மடக்கி ஒவ்வொன்றாகத் திரும்பச் சொன்னார். அஞ்சு எடம். ஓரம் கூடாது. சாய்க்கக்கூடாது. ஆறணும்.

"முழுசா அழுத்தணும்" என்றார் கடைசியாக, என் கண்ணைப் பார்க்காமல்.

"ஆமா."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். லோடு ஏற்றத் தொடங்கியிருந்தார்கள்.