மேலே எதுவும் எழுதாதே

காய்கறிப் பையைக் கீழே வைக்கக்கூட விடவில்லை. "வந்துட்டியா, இதைக் கொஞ்சம் பாரேன்" என்று கணவன் கூப்பிட்டான். சாப்பாட்டு மேசைமேல் அவளுடைய லேப்டாப் திறந்து கிடந்தது. கறுத்த திரையில் ஒரே ஒரு வெள்ளை வரி. இந்தக் கணினியில் இயங்குதளம் எதுவும் இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

"என்னங்க பண்ணீங்க?"

"அழிச்சேன். விக்கிறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் அழிச்சிடணும்னு ஒரு வீடியோல சொன்னான். அழிக்கிற வரைக்கும் நல்லாத்தான் போச்சு. இப்ப ஆன் பண்ணா இப்படி முழிக்குது. மருந்துக்கடைக்காரர் சாயங்காலம் எடுத்துட்டுப் போக வர்றாரு. நீதான் இதுல கில்லாடியாச்சே, திரும்ப ஓ.எஸ். போட்டுக் கொடுத்துடு."

அவன் மரச்சாமான் ஷோரூமில் விற்பனையாளன். வாங்க வந்தவன் மனசு மாறுவதற்குள் பில்லைப் போட்டுவிட வேண்டும் என்பது அவன் வேதம். வீட்டிலும் அப்படித்தான். பழைய சைக்கிள், அவளுடைய தையல் மெஷின், பாப்பாவின் தொட்டில் என்று ஒவ்வொன்றும் அவள் வெளியே போயிருந்த நேரத்தில்தான் விலைபோயிருக்கிறது. லேப்டாப்பை விற்கலாமா என்று போன மாதம் கேட்டான். முடியாது என்று அவள் சொன்னாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்திருந்தாள்.

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். 

கல்யாணத்துக்கு முன்பு ஒரு கட்டடப் பொறியாளர் அலுவலகத்தில் வரைபடம் வரையும் வேலை பார்த்தாள். பாப்பா பிறந்ததும் விட்டாள். வேலையை விட்டாளே தவிர வரைவதை விடவில்லை. பழக்கமான மேஸ்திரி ஒருவர் போனில் அளவு சொல்வார்; பாப்பா தூங்கும் நேரத்தில் வரைந்து, தாளில் அச்செடுத்து அனுப்புவாள். படத்தின் கீழே வேறு யாரோ கையெழுத்துப் போடுவார்கள், வீடு எழும்பும். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிக்கு ஒரே மனையில், ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழிக்காதபடி இரண்டு மாடிப்படி வைத்து ஒரு வீடு வரைந்தாள். நடக்க முடியாத ஒரு மாமனார், மருமகள் தூக்கிவிடாமல் சக்கர நாற்காலியில் தானே வாசலுக்கு வந்து தெருவைப் பார்க்க ஒரு சாய்தளம் போட்டாள். அது போக யாரும் கேட்காமலேயே தனக்காக வரைந்தவை எத்தனையோ. எல்லாம் இந்த லேப்டாப்பில்தான் இருந்தன. பழைய அலுவலகத் தோழி இப்போது வேறொரு நிறுவனத்தில் பொறுப்பில் இருக்கிறாள். "உன் படத்தையெல்லாம் எடுத்துட்டு திங்கட்கிழமை வா. சர்டிஃபிகேட் யாரும் பார்க்க மாட்டாங்க, படத்தைத்தான் பார்ப்பாங்க" என்று சொல்லியிருந்தாள். திங்கட்கிழமை என்பது நாளைக்கு.

"இதுல என் வரைபடமெல்லாம் இருந்துச்சுங்க."

"பென்டிரைவ்ல போட்டு வைக்கலையா?"

"இல்ல."

"முக்கியமானதை ரெண்டு இடத்துல வைக்கணும்னு எனக்குப் பாடம் எடுப்பியே, நீயே வைக்கலையா?"

கேட்டது உண்மைதான். அதுதான் சுருக்கென்று தைத்தது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டவள் அவள்தான்.

படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தோழிக்குப் போன் செய்தாள். தோழி பதறவில்லை. "பழைய மாடல்தானே? ஹார்ட் டிஸ்க் சுத்துற சத்தம் கேட்குமே, அதானே? அப்ப பயப்படாதே. அழிச்சாலும் உடனே போயிடாது, அடியில கிடக்கும். எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இருக்காரு, முக்காவாசி மீட்டுடுவாரு. ஆனா ஒண்ணு, மேலே எதுவும் எழுதாதே. புதுசா ஓ.எஸ். கீஎஸ் போட்டுத் தொலைச்சிடாதே. அப்படியே தூக்கிட்டு வாடி."

போன உயிர் திரும்பியது. வெளியே வந்து ஒரே மூச்சில் சொன்னாள். விற்க வேண்டாம், மருந்துக்கடைக்காரரிடம் இரண்டு நாள் தவணை கேளுங்கள், நான் இப்போதே இதை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன் என்றாள்.

"அவருகிட்ட வாக்குக் கொடுத்துட்டேன்."

"நாளைக்கு எனக்கு இன்டர்வியூன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

அவன் தொலைக்காட்சி ரிமோட்டை எடுத்தான், திருப்பிப் பார்த்தான், வைத்தான்.

"தெரியும்" என்றான்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. தெரியாமல் செய்த காரியம் என்று இந்த நிமிஷம் வரை அவள் அவனுக்காகவே ஒரு சமாதானத்தைக் கட்டி வைத்திருந்தாள். அவன் அதையும் விட்டுவைக்கவில்லை.

"திறந்து பார்த்துட்டுத்தான் அழிச்சீங்களா?"

"பார்த்தேன். எல்லாம் கோடு கோடா இருந்துச்சு."

அவள் லேப்டாப்பை மூடித் துணிப்பைக்குள் போட்டாள். செருப்பில் ஒரு காலை நுழைத்துவிட்டாள். அப்போதுதான் பாப்பா உள்ளேயிருந்து ஓடிவந்து பையைப் பிடித்துக்கொண்டது. முகம் அழுது வீங்கியிருந்தது.

"நீ வேலைக்குப் போயிட்டா, சாயங்காலம் நான் ஸ்கூல் விட்டு வர்றப்ப வீடு பூட்டியிருக்குமாம்மா?"

"யாரு சொன்னா?"

"அப்பாதான். நான் வாசல்லயே உட்கார்ந்திருக்கணும்னு சொன்னாரு. இருட்டினா என்னம்மா பண்றது?"

அவள் நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "உள்ளதைத்தானே சொன்னேன்" என்றான், ஜன்னலிடம்.

குழந்தையிடம் என்ன சொல்வது? வீடு பூட்டியிருக்காது, யாராவது இருப்பார்கள் என்று சொல்ல வாய் வந்தது. யார் இருப்பார்கள் என்ற கேள்விக்கு அவளிடம் விடை இல்லை. நான் இருக்கிறேன் என்று அவன் சொல்லலாம், சொல்லப்போவதில்லை. இன்றைக்குப் போகலாம். நாளைக்கும் போகலாம். வேலை கிடைத்தால் தினம் தினம் இந்த வாசலில், செருப்பில் ஒரு காலும் வீட்டுக்குள் ஒரு காலுமாக, இதே பையை இழுத்துப் பறித்துக்கொண்டு போக வேண்டும். அழுகிற குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். நினைக்கும்போதே அலுத்துப் போயிற்று. அந்த அலுப்பின்மேல்தான் அவளுக்கு மற்ற எல்லார்மேலும் வந்ததைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

செருப்பைக் கழற்றினாள்.

அலமாரியில் ஓ.எஸ். போடுகிற பென்டிரைவ் இருந்தது. செருகினாள். மொழி கேட்டது, விசைப்பலகை கேட்டது, சொன்னாள். பிறகு ஒரு எச்சரிக்கை வந்தது: இந்த டிஸ்க்கில் இருப்பதெல்லாம் போய்விடும், தொடரலாமா? கணவன் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தான். "அதான் ஏற்கெனவே காலியாச்சே, இன்னும் என்ன கேட்குது?" என்றான். அழித்தது அவன்; மண் தள்ளப் போவது தன் விரல் என்பது அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது. மடியில் பாப்பா ஏறி உட்கார்ந்துகொண்டது. குழந்தையின் தலைக்கு மேலாகக் கையை நீட்டி அழுத்தினாள்.

உள்ளே ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சுற்றத் தொடங்கியது. சதவீதம் ஏறிக்கொண்டே போனது. மாமனாரின் சாய்தளம் எந்த எண்ணில் போயிற்றோ, அண்ணன் தம்பி மாடிப்படி எந்த எண்ணில் போயிற்றோ. தோழியிடமிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. மறுபடி வந்தது. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மருந்துக்கடைக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். சாந்தமான மனிதர், வாசலிலேயே மூச்சு வாங்க நின்று, மாடி ஏறியதற்காகத் தன் முழங்காலைத் தானே திட்டிக்கொண்டார். கடையில் பில் போடத்தான், பெரிசாக ஒன்றும் வேண்டாம் என்றார்.

"ஓ.எஸ். எல்லாம் புதுசுங்க. இன்னைக்குத்தான் உட்கார்ந்து போட்டேன்" என்றான் கணவன்.

"நீங்களே போட்டீங்களா? பரவாயில்லையே! இதுல முன்னாடி என்ன வேலை பார்த்துக்கிட்டிருந்தீங்க?"

"வேலையெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. வீட்டுல சும்மா படம் பார்க்க வச்சிருந்தோம்."

தண்ணீர் கொண்டுவந்தவள் தம்ளரை மேசைமேல் வைத்தபோது கொஞ்சம் சிந்தியது. படம் என்றுதான் அவளும் தன் வரைபடங்களைச் சொல்லி வந்தாள். பொய் என்றுகூட அவனைப் பிடிக்க முடியாது.

"ஒருதடவை ஆன் பண்ணிக் காட்டிடும்மா" என்றார் மருந்துக்கடைக்காரர்.

அவள் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு திரை முழுக்க முகப்புப் படமாக ஒரு நிலம் விரிந்தது. பச்சைச் சரிவு, மேலே வெளிர்ந்த வானம். ஒரு மரமோ வேலியோ இல்லாத வெறும் நிலம்.

"இடம் ஜோரா இருக்கே!" என்று சிரித்தார் அவர்.

கணவனும் சேர்ந்து சிரித்தான். பணத்தைப் பற்றிப் பேச இருவரும் ஜன்னல் பக்கம் ஒதுங்கினார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. இந்த நிலத்தில் மழைத்தண்ணீர் இடது பக்கம்தான் வடியும், அதனால் அஸ்திவாரத்தை அந்த மேட்டில் ஏற்ற வேண்டும். சரிவை வெட்டாமல் நாலு படி வைத்தால் போதும். சமையலறையைப் பின்னுக்குத் தள்ளக் கூடாது. உள்ளே நிற்பவளுக்கு வாசல் தெரிய வேண்டும். விரல் மேசைமேல் சிந்தியிருந்த தண்ணீரைத் தொட்டு ஒரு கோடு இழுத்தது. அதற்கு நேராக இன்னொன்று. கதவு எந்தப் பக்கம் திறப்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு கை வந்து லேப்டாப்பை மூடியது.