ஒரு பதிலுக்கு ஓர் அங்குலம்

அந்தப் படம் பொய் என்று தையல்காரர் சொன்ன செவ்வாய்க்கிழமை, தன் கடையின் சிமெண்டுத் தரைக்குள் ஓர் அங்குலம் இறங்கினார். மறுநாள் பட்டன் வாங்க வந்தவரிடமும் அதையே சொன்னார், இன்னோர் அங்குலம். ஊரே ஏழெட்டுத் தடவை பார்த்து அழுத படம். சாகப்போகிற நாயகன் நோயை மனைவியிடம் மறைத்து, கடைசிப் பாட்டில் அவளோடு சிரித்து ஆடுவான். காதல் என்றது ஊர், திருட்டு என்றார் தையல்காரர். அவருடைய அண்ணன் அப்படித்தான் இருமலை மறைத்துச் சிரித்தபடியே செத்தான். "சொல்லியிருந்தா கடைய சாத்திட்டு பக்கத்துல உக்காந்திருப்பேன். அந்த நாளையெல்லாம் திருடிட்டுப் போயிட்டான்" என்பார்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அவர் இறங்குவதைப் பார்க்கவே கிழியாத சட்டையைக் கொண்டுவந்து, "படம் எப்படி?" என்று கேட்டார்கள். ஒருமுறை காய்ச்சலில் "பரவாயில்ல" என்று முனகியதற்கு அரை அங்குலம் மேலே வந்தார். அதனால் வைத்தியம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு வருடத்தில் கழுத்துவரை போய்விட்டார். கைகளை மட்டும் வெளியே தூக்கி வைத்துக்கொண்டு பேண்டுகளுக்கு மடிப்புத் தைத்தார்.

மோவாய் தரையைத் தொட்ட அன்று மனைவி குப்புறப் படுத்து அவர் முகத்தருகே முகம் வைத்து அழுதாள்.

"நல்ல படம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களுக்கு என்ன குறைஞ்சிடும்?"

"அண்ணன் செஞ்சது சரின்னு ஆயிடுமே."

இன்னும் ஒரு பதில், வாய் மூடிவிடும்.

"மார்புல ஒரு கட்டி இருக்குங்க. அஞ்சு மாசமாச்சு. நீங்க மேல வந்தப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

அவர் அவளையே பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு அவளோடு போக வேண்டும். போவதற்கு வழி ஒன்றுதான். "நல்ல" என்று தொடங்கிவிட்டார். அவள் அவர் வாயைப் பொத்தினாள்.

"வேண்டாங்க. கொத்தனாரக் கூப்பிடுறேன்."

கொத்தனார் அவரைச் சுற்றி ஆள் ஆழத்துக்கு வெட்டி, சிமெண்டும் மண்ணுமாகத் தூண்போல் பெயர்த்து எடுத்தார். எட்டுப் பேர் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிப்போய் ஆஸ்பத்திரியில் அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். வார்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நர்ஸ் அந்தத் தூணிலேயே ஆணி அடித்து குளுக்கோஸ் பாட்டிலை மாட்டினாள். வலிக்கும்போது வலிக்கிறது என்று மனைவி சொன்னாள், அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நாற்பத்தோராம் நாள் செத்துப்போனாள். அதில் ஒரு நாள்கூடத் திருடு போகவில்லை.

தூணைப் பழைய குழியிலேயே இறக்கினார்கள். ஊரில் இப்போது பேண்டு மடிப்பு நூலளவும் பிசகுவதில்லை, அவர் கண் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. படத்தைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை.