கிரகப்பிரவேச கேசட்

"இன்னொரு தபா அய்வுங்கம்மா. லைட்டு பூட்ச்சி, ஒண்ணும் பதியல" என்றான் வீடியோ கோவிந்தன்.

தாயம்மாவின் தலைமாட்டில் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்திருந்த பதினோரு பெண்களும் அழுகையைப் பாதியில் நிறுத்தினார்கள். மூக்கைச் சிந்திக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு முனியம்மா கலைந்த கொண்டையை முடிந்துகொண்டு, "எந்தப் பக்கம் பாத்து அய்வணும்பா?" என்று கேட்டாள்.

"காமிராவப் பாக்காதீங்க. பாடியப் பாருங்க. போன தபா சைலண்டா அய்தீங்க, இந்தத் தபா கொஞ்சம் சவுண்டு வேணும்."

செத்தவளின் ஒரே மகள் நாகவல்லி மட்டும் முதல் தடவையும் அழவில்லை, இப்போதும் அழவில்லை. அவள் கோவிந்தனைப் பார்த்த பார்வையின் சூட்டை ஒரு அண்டாவில் பிடித்து வைத்திருந்தால் பருத்திப்பட்டு ஊர் முழுக்க ஒரு வாரத்துக்கு அடுப்பு பற்றவைக்காமல் சமைத்திருக்கலாம். ஆனால் கோவிந்தனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு கண்ணைக் காமிராவுக்குள் வைத்திருப்பவனுக்கு யார் பார்வை உறைக்கும்?

கோபத்தின் அடுத்த பங்கு அவள் புருஷனுக்கு. வயர் வைத்த ஆயிரம் வாட்ஸ் விளக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவன் உலகநாதன்தான். வீட்டில் ஒரு குடம் தண்ணீர் எடுத்து வை என்றால் அவனுக்கு இடுப்பில் நாலு எலும்பு நகர்ந்துவிடும். இன்றைக்கோ ஏழு மணியிலிருந்து ஏரிக்கரைப் பனைமரம் மாதிரி அசையாமல் நிற்கிறான்.

"யோவ், அந்த லைட்ட எறக்கு. எங்கம்மா மூஞ்சி வேவுது."

"செத்தவங்களுக்கு இன்னாடி சூடு?" என்றவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விளக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தான். "மச்சான்தான் புடிக்கச் சொன்னாரு."

மச்சான் என்றால் நாகவல்லியின் அண்ணன் ஜெயராமன். வீடு அவனுடையது, பந்தல் அவனுடையது, வீடியோ யோசனையும் அவனுடையது. தம்பி சம்பத் மஸ்கட்டில் இருக்கிறான். முந்தின நாள் சாயங்காலம் தாயம்மா லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றவள் அப்படியே குந்தினாள், எழுந்திருக்கவில்லை. சேதி சொன்னதும் சம்பத், மூன்று வீடு தள்ளியிருந்த மளிகைக் கடை போனில் பத்து நிமிஷம் கதறினான். லீவு கிடைக்காது. அம்மா முகத்தை அவன் பார்க்க வேண்டும். "ஒண்ணு விடாம வீடியோ எடுத்துடுறேன் நைனா, பக்கத்துல குந்திகினு பாக்கற மாதிரி இருக்கும்" என்று ஜெயராமன் வாக்குக் கொடுத்துவிட்டான்.

அதில் நாகவல்லிக்குத் தப்பு ஒன்றும் தெரியவில்லை. தம்பி பார்க்கட்டும். ஆனால் உயிரோடு இருந்த அறுபத்து மூன்று வருஷத்தில் அந்தப் பொம்பளை முகத்தில் வெளிச்சம் படுகிறதா என்று பார்த்தவன் எவன்? வெள்ளிக்கிழமை டிவியில் பாட்டுப் போட்டால் சமையல்கட்டு வாசலில் கரண்டியோடு நின்றுதான் பார்ப்பாள். ஹாலுக்குள் வந்து உட்கார் என்று ஒருத்தன் சொன்னதில்லை. சொன்னால் அவள் வரவும் மாட்டாள், அது வேறு விஷயம். இன்றைக்கு நடுக்கூடத்தில் கிடத்தி, ஆயிரம் வாட்ஸ் போட்டு, நாலு பக்கமும் சுற்றிச் சுற்றி எடுக்கிறார்கள்.

பத்து மணிக்கு அப்பாவு மாமா வந்தார், தாயம்மாவின் தம்பி. செத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் போர்த்தும் கோடிச் சேலையைத் தாம்பாளத்தில் ஏந்திக்கொண்டு, மேளம் முன்னால் முழங்க, திருநின்றவூர் சனம் முழுக்கப் பின்னால் வர, நடை தளர்ந்து வந்தார். "அக்கா" என்று ஒரு சத்தம் போட்டுச் சேலையைப் போர்த்தினார். கூரை ஓடு நாலு கழன்று விழுந்திருக்கும், இது தளம் போட்ட வீடாக இருந்ததால் பிழைத்தது.

"மாமா, மேளக்காரரு மறைச்சிக்கினாரு. சேலைய எடுத்துட்டு மறுக்கா போத்துங்க" என்றான் கோவிந்தன்.

எழுபது பேர் நடுவில் அப்பாவு மாமா அக்காளின் மேலிருந்து சேலையை எடுத்தார். பிரித்தார். போர்த்தினார். இந்தத் தடவை "அக்கா" என்பது வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

"சவுண்டு?"

"அவரு வாயத் தொறந்தாருன்னா ஒன் காமிராவ முழுங்கிடுவாரு. போடா அந்தாண்ட!" என்றாள் நாகவல்லி.

கோவிந்தன் கோபித்துக்கொள்ளவில்லை. தொழில்காரன். "அக்கா, நீங்க டென்சன்ல கீறீங்க. மிக்சிங் போட்டப்புறம் பாருங்க. அம்மா மூஞ்சி தாமரைப்பூ உள்ளாரேந்து சுத்திக்கினே வரும். போன வாரம் கொரட்டூர்ல ஒரு கல்யாணத்துக்குப் போட்டேன், அசந்துட்டாங்க."

அவள் உள்ளே போனாள். நின்றால் அன்றைக்கு இரண்டாவது பந்தல் போட வேண்டியிருக்கும்.

குளிப்பாட்டி, வாய்க்கரிசி போட்டு, பாடையில் வைத்துத் தூக்கும்போது மணி பன்னிரண்டு. தாயம்மா போட்டிருந்த மூக்குக் கண்ணாடியை என்ன செய்வது என்று யாரோ கேட்க, டிவி ஸ்டாண்டில் வை என்று யாரோ சொல்ல, நாகவல்லிதான் எடுத்துக்கொண்டு போனாள். டிவி மேல் ஏற்கெனவே போர்வை போட்டு மூடியிருந்தார்கள். பதினாறு நாள் திறக்கக் கூடாது. ஸ்டாண்டின் கீழ்த் தட்டில் கண்ணாடியை வைக்கக் குனிந்தவள், காலி கேசட் உறை ஒன்று வாயைத் திறந்துகொண்டு கிடப்பதைப் பார்த்தாள். அதன் முதுகில் ஸ்கெட்ச் பேனாவில் அவளே கொட்டை கொட்டையாக எழுதியிருந்தாள்: கிரகப்பிரவேசம், 14.2.88.

உறையோடு நிமிர்ந்தாள்.

"அண்ணி! அந்த ஆளுக்கு எந்தக் கேசட்டு குடுத்தீங்க?"

ஜெயராமனின் மனைவி கண்ணம்மா ஈரத் தரையைக் கழுவிவிடத் துடைப்பத்தோடு நின்றாள். "ஞாயித்துக்கியம, கடை ஏது? டிவியாண்ட கெடந்ததுல ஒண்ணு. ஓரத்துல பிளாஸ்டிக்கு ஒடைஞ்சிருந்தா பதியாதாமே. உங்க அண்ணன்தான் டேப்பு ஒட்டிக் குடுத்தாரு."

அந்தப் பிளாஸ்டிக் தானாக உடையவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் நாகவல்லிதான் கத்தியால் நெம்பி உடைத்தாள். மேலே எவனும் எதையும் பதிந்துவிடக் கூடாது என்று.

அந்தக் கேசட்டில் முதல் இருபது நிமிஷம் வெறும் ஓமப்புகை. அதற்கப்புறம் ஏழு நிமிஷம் அம்மா. ஏதாவது பேசுங்கம்மா என்று அன்றைக்குக் காமிராக்காரன் தெரியாத்தனமாகச் சொல்லிவிட, தாயம்மா இடுப்பில் கைவைத்து ஆரம்பித்தாள். இந்தச் சுவருக்கு எத்தனை குடம் ஊற்றினாள், கொத்தனார் எத்தனை நாள் ஏமாற்றினான், கை கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஆவடிப் பக்கம் ஓடிப்போன சொந்தக்காரர்கள் யார் யார். பெயர் சொல்லி, ஊர் சொல்லி, அவர்கள் மாதிரியே நடந்து காட்டி, நடுவில் தன் சிரிப்புத் தனக்கே தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு. அம்மா சத்தம் அதில் மட்டும்தான் இருந்தது. உலகத்தில் வேறெங்கும் இல்லை.

நாகவல்லி ஓடினாள்.

தெருமுனைக் கைப்பம்பு வரைதான் பெண்கள் போகலாம். அங்கே நின்று, மண்ணில் விழுந்து அழுதுவிட்டுத் திரும்ப வேண்டும். அழுதுகொண்டிருந்த பெண்களுக்கு நடுவே புகுந்து, பம்பைத் தாண்டி, அவள் ஓடிக்கொண்டே இருந்தாள். "ஏய், நாவல்லி! பொம்பளைங்க போவக் கூடாதுடி!" என்று முனியம்மா போட்ட கூச்சல் அம்பத்தூர் ஸ்டேஷனில் ரயிலை நிறுத்தியிருக்கும். இவள் நிற்கவில்லை. கொண்டை அவிழ்ந்தது, கட்டிக்கொள்ளவில்லை.

பாடைக்கு முன்னால் ஜெயராமன் நெருப்புச் சட்டியோடு ஈர வேட்டியில் நடந்துகொண்டிருந்தான். அவனுக்கும் முன்னால் கோவிந்தன் காமிராவைத் தோளில் வைத்துப் பின்பக்கமாகவே நடந்துகொண்டிருந்தான். அவன் இடறி விழாமல் இருக்க அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வேறு யார், உலகநாதன். ஓடி வருகிறவளைப் பார்த்ததும் கோவிந்தனுக்குக் குஷி. நல்ல சீன். காமிராவை அவள் பக்கம் திருப்பினான்.

அவள் உள்ளங்கையால் காமிராக் கண்ணை அப்படியே பொத்தினாள். "நிறுத்து! நிறுத்துடா!"

மேளம் நின்றது. பாடை நின்றது.

"எவ்ளோ நேரம் ஓடிச்சி?"

"இன்னாக்கா?"

"எத்தினி நிமிசம்டா பதிஞ்ச?"

கோவிந்தன் பயந்துபோய் உள்ளே எட்டிப் பார்த்தான். "இருபத்தியேழு."

"நடுவுலேந்து ஆரம்பிச்சியா?"

"சேச்சே. சுத்தமா ரீவைண்ட் பண்ணிட்டுத்தான் ஆரம்பிச்சேன். தொழில்ல நாம கரெக்டுக்கா."

ஜெயராமன் முன்னால் வந்தான். சட்டியைக் கீழே வைக்கக் கூடாது. புகை முகத்தில் அடிக்க, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கத்தினான். "இன்னா நாவல்லி இது? நடுரோட்ல, அம்மாவ வச்சிகினு. மானம் போவுது. ஊட்டுக்குப் போ!"

"அது இன்னா கேசட்டுன்னு தெரியுமாண்ணா ஒனக்கு?"

"தெரியும். கிரகப்பிரவேசம். அதுல இன்னா கீது? புகையும் அய்யரும்தான். யாரு பாக்கறா அத?"

"நான் பாப்பேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒன் ஊட்டுக்கு வந்து ஒன் பொண்டாட்டி கையால ஆறிப்போன டீய வாங்கிக் குடிச்சது எதுக்குன்னு நெனச்ச? ஒன்னப் பாக்கவா?"

ஜெயராமன் வாயைத் திறந்தான். புகை உள்ளே போனது. இருமினான்.

"சம்பத்துக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"நீயே சாவு, அத எடுத்து அனுப்பு."

அப்பாவு மாமாதான் பாடையின் முன்பக்கத்திலிருந்து, தோளை மாற்றாமல், "குடுத்துத் தொலைடா தம்பி, எங்க அக்கா கனக்குது" என்றார்.

காமிரா விர்ரென்று முனகிக் கேசட்டை வெளியே துப்பியது. நாகவல்லி அதை இடுப்பில் செருகிக்கொண்டாள். அம்மா முகத்தைத் திரும்பிப் பார்த்தாளா என்று அப்புறம் யாருக்கும் நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. மேளம் மறுபடி ஆரம்பிக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

ஆண்கள் சுடுகாட்டிலிருந்து வந்து, தலை முழுகி, கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்தபோது மணி நாலு. தாயம்மா கிடந்த இடத்தில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாகவல்லி எழுந்தாள். டிவியின் மேலிருந்த போர்வையை இழுத்துக் கடாசினாள்.

"சாவு ஊட்டுல டிவியாம்மா?" என்றார் அப்பாவு மாமா.

"காலைலேந்து ஷூட்டிங் நடந்துச்சே மாமா, அப்ப இன்னா ஊடு இது?"

உலகநாதன் எழுந்து, யாரும் சொல்லாமலே வீடியோ டெக்கின் வயரைச் செருகினான். நாகவல்லி கேசட்டை உள்ளே தள்ளி, முதலிலிருந்து ஓடவிட்டாள்.

பதினோரு பெண்கள் அழுதார்கள். நிறுத்தினார்கள். மறுபடி அழுதார்கள். முனியம்மா தன் சத்தத்தைத் தானே கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கோடிச் சேலை இரண்டு முறை விழுந்தது. வெயிலில் ஜெயராமன் சட்டியோடு நடந்தான். தலைவிரிகோலமாக ஒருத்தி ஓடி வந்தாள். ஒரு கை பெரிதாகி, பெரிதாகி, எல்லாவற்றையும் மூடியது.

அப்புறம் வெள்ளைப் புள்ளிகள். இரைச்சல்.

நாகவல்லி திரைக்கு மிக அருகில் போய் உட்கார்ந்தாள்.

புள்ளிகள் விலகின. இதே கூடம். வெள்ளையடித்த மணம் வீசுவது போல அவ்வளவு வெளுப்பு. அம்மா பேசி முடித்துவிட்டிருந்தாள். காமிரா அவளை விட்டுவிட்டுப் பந்திக்குக் காத்திருந்த சொந்தக்காரர்களிடம் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் எல்லோரும் காமிராவைப் பார்த்துச் சிரித்தார்கள். திரையின் ஒரு மூலையில், யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்ற நினைப்பில், தாயம்மா முதுகைக் காட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். சுவிட்சைப் போட்டாள். தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள். அணைத்தாள். புது மின்விசிறி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி போட்டாள்.

அவ்வளவுதான். அடுத்தது வாழையிலை.

கூடத்தில் இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். தலைமாட்டு விளக்கு அணைந்துவிடக் கூடாது என்று காலையிலிருந்து ஓடாத மின்விசிறி, இறக்கைகளில் கறுப்பாகத் தூசி படிந்து, அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

ஜெயராமன் எழுந்தான். ஈரத் தலையோடு சுவரோரம் போனான். சுவிட்சின் மேல் விரலை வைத்தான். கீழே எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்தான். விரலை எடுக்காமல் நின்றான்.