மணிக்கட்டில் ஒரு பட்டி

எங்கள் தையல் கடையில் வெட்டுவது அம்மா, தைப்பது அப்பா. அப்பாவின் கையில் கத்தரிக்கோல் போனால் துணிக்குக் கெட்ட நேரம் என்று அம்மா சொல்வாள். அப்பாவும் அதை மறுத்ததில்லை. அவர் ஒரே ஒரு முறை வெட்டிய சட்டையின் இடது பக்கம் வலதைவிட அரை இன்ச் நீளம். அதை வாடிக்கையாளரிடம் கொடுக்கத் தைரியம் வராமல் அவரே வீட்டில் போட்டுக்கொண்டிருக்கிறார்.

போன வருடம் அம்மாவின் வலது மார்பில் கட்டி வந்து அறுவை சிகிச்சை நடந்தது. அக்குளிலிருந்தும் சில நிணநீர் முடிச்சுகளை எடுத்தார்கள். மருந்து ஏற்றியதில் முடி கொட்டியது, மறுபடி முளைத்தது. எல்லாம் முடிந்தது என்று மூவரும் மூச்சுவிட்ட நேரத்தில் அந்தப் பக்கத்துக் கை கனக்கத் தொடங்கியது. முதலில் கைக்கடிகாரப் பட்டை அடுத்த ஓட்டைக்குப் போனது. அப்புறம் பட்டையே போதவில்லை. ஒரு நாள் காலையில் கத்தரிக்கோலின் வளையத்துக்குள் அம்மாவின் கட்டைவிரல் நுழையவில்லை.

அம்மா இரண்டு முறை முயன்றாள். கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பொத்தான் டப்பாவை எடுத்து வரச் சொன்னாள். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதிலிருந்து நானும் கடையில்தான் இருக்கிறேன். கலர் கலராகப் பொத்தான்களைப் பிரிப்பது என் வேலை. அன்று அதை அம்மா வாங்கிக்கொண்டாள். வெட்டும் மேசைக்கு அப்பா போனார். ஒரு காலர் வெட்ட மூன்று முறை அளந்தார். அம்மா பொத்தான்களைப் பார்க்கிற மாதிரி அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி அந்த மேசைக்கு முன்னால் நிற்க முடியுமா என்பதுதான் அவளுடைய ஒரே கவலை. மார்பில் கட்டி என்றபோதுகூட அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் இதற்கென்று ஒரு அக்கா இருந்தார். கழுத்தில் எங்களைப் போலவே டேப் தொங்கும். அம்மாவின் கையை மணிக்கட்டிலிருந்து தோள்வரை நாலு நாலு சென்டிமீட்டராகப் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் சுற்றளவு எடுப்பார். அதனால் வீட்டில் அவருக்கு அளவக்கா என்று பெயர். இது நிணநீர் வீக்கம் என்று அவர்தான் விளக்கினார். அக்குளில் முடிச்சுகளை எடுத்ததில், நிணநீர் வடிகிற வழியில் நாலைந்து வாசல்கள் அடைபட்டுவிட்டன. நீர் வருவது நிற்காது, போவதற்குத்தான் சிரமப்படும். முழுசாகக் குணமாகிவிடும் என்று சொல்ல முடியாது, ஆனால் அடக்கி வைத்துக்கொள்ளலாம். கையில் ஊசி குத்தக் கூடாது, சுடக் கூடாது, தோல் வறண்டு வெடிக்கக் கூடாது. கை சிவந்து காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஓடி வர வேண்டும். காலையில் எழுந்ததும் கையை இறுக்கிப் பிடிக்கும் ஸ்லீவ் ஒன்றைப் போட வேண்டும், படுக்கும்போது கழற்ற வேண்டும்.

அம்மாவின் அளவுக்கென்றே செய்து வந்தது அந்த ஸ்லீவ். தோல் நிறத்தில், முரட்டுப் பின்னலில், நீளமாக ஒரே ஒரு தையலோடு இருந்தது. ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு அதை மேலே ஏற்றுவதற்குள் கால் மணி நேரம் ஆகிவிடும். பாம்பாவது சட்டையைக் கழற்றுகிறது, நான் பாம்புச் சட்டைக்குள் நுழைகிறேன் என்று அம்மா சிரிப்பாள். ஆனால் படுக்கப் போகும்போது மணிக்கட்டைச் சுற்றி ஆழமாகத் தடம் பதிந்திருக்கும். அம்மா அதைத் தேய்த்துவிட்டுக்கொள்வதை அப்பா பார்ப்பார். போட்ட உடுப்பு உடம்பில் தடம் பதித்தால் தைத்தவனைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி.

ஒரு நாள் காலையில் அம்மா குளிக்கப் போனதும் அப்பா ஸ்லீவை உள்பக்கம் திருப்பி டேப் வைத்தார். சுவரில் எழுதி வைத்திருந்த அம்மாவின் கை அளவுகளோடு ஒப்பிட்டார்.

"பாரு, மேல தாராளமா விட்டிருக்கான். மணிக்கட்டுக்கு வந்ததும் கஞ்சத்தனம் பண்ணிட்டான். அளவே தப்பு" என்றார் என்னிடம். பிளேடால் தையலைப் பிரித்தார். மணிக்கட்டிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு, விரல் அகலத்தில், இழுபடும் துணியில் ஒரு பட்டி வைத்துத் தைத்தார். நிறம்கூடப் பொருந்தியது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. அம்மாவிடம் சொல்லாதே என்றார். நான் யாரிடமும் எதுவும் சொல்கிற ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

அன்று ஸ்லீவ் ஐந்தே நிமிடத்தில் ஏறியது. துணி பழகிவிட்டது போல என்று அம்மா சொன்னாள். அப்பா அன்று முழுக்க மிஷினில் உட்கார்ந்து விசில் அடித்தார்.

மூன்று வாரம் கழித்து அளவக்காவிடம் போனோம். கடையைப் பூட்ட முடியாது என்பதால் துணைக்கு நான்தான் போனேன். அம்மா திரைக்குப் பின்னால் ஸ்லீவைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அளவக்கா டேப்பைச் சுற்றினார், நோட்டைப் பார்த்தார், மறுபடி சுற்றினார். மணிக்கட்டு இரண்டு சென்டிமீட்டர் கூடியிருந்தது. புறங்கை உப்பி, விரல் முட்டிகளே தெரியவில்லை.

"ஸ்லீவ் போடறதில்லை, அப்படித்தானே?" என்றார்.

"தினமும் போடறேன்."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. டேப் பொய் சொல்லாதும்மா."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பை அவளுடைய காலடியில்தான் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. இப்படியே போனால் தோல் தடித்துவிடும், அப்புறம் கையைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது ரொம்பக் கஷ்டம் என்று அளவக்கா சொன்னார். திட்டவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். ஆனால் செய்யாத தப்புக்கு அம்மா அங்கே உட்கார்ந்திருந்தாள்.

ஆள் முன்னால் பேச வேண்டும் என்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பையிலிருந்து ஸ்லீவை எடுத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி, மேசையில் வைத்தேன். பட்டியின் மேல் விரலை வைத்தேன்.

"அப்பா தைச்சது" என்றேன்.

அளவக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துக் கட்டைவிரலால் தடவினார்.

"என்ன சுத்தமான கைவேலை" என்றார் கடைசியில். "பக்கத்துல கொண்டுவந்து பார்த்தாத்தான் தெரியுது." பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். "என்னை மன்னிச்சுக்கோங்கம்மா. ஆனா ஒண்ணு சொல்றேன். மணிக்கட்டுல அதிகமா இறுக்கியிருந்தது அளவு தப்பினதால இல்ல. அதுதான் வைத்தியமே. கீழ இறுக்கம், மேல போகப் போகத் தளர்வு. அப்பத்தான் நீர் மேல ஏறும். கீழ தளர்த்தினா எல்லாம் கையிலேயே தங்கிடும். நாளைக்கு அவரைக் கூட்டிட்டு வாங்க. திட்ட மாட்டேன், வேலை இருக்கு."

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வீங்கிய கையை மடியில் வைத்திருந்தாள். இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகு, முதல் நாளே தனக்குத் தெரியும் என்றாள்.

"எங்க வீட்டுத் தையல் எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏம்மா போட்டுக்கிட்ட?"

"அன்னைக்கு அவர் மூஞ்சியை நீ பார்த்தியே. ஆபரேஷன் ஆன நாள்லேருந்து எனக்கு எதுவும் செய்ய முடியலையேன்னு தவிச்சுக்கிட்டே இருந்தவர். எனக்கும் வலி குறைஞ்சுது. ரெண்டு பேருக்கும் சௌகரியமா இருந்துச்சு. கைக்குத்தான் ஒத்துக்கல."

வீட்டுக்கு வந்து அம்மா நடந்ததை எல்லாம் சொல்லும்போது அப்பா ஒரு தையலின் நடுவில் மிஷினை நிறுத்தினார். ஊசி துணிக்குள்ளேயே நின்றது. அவர் அப்படி நிறுத்தவே மாட்டார்.

"என் கையாலேயே உன் கையைக் கெடுத்துட்டேனா?"

"கெட்டுப் போகல, வீங்கியிருக்கு. இறக்கிடலாம்னு சொல்றாங்க. நாளைக்குப் பத்து மணிக்கு நீங்க வரணும்" என்றாள் அம்மா. "அந்த அரை இன்ச் சட்டையைப் போட்டுக்கிட்டு வந்துடாதீங்க."

புது ஸ்லீவுக்கு அளவு எடுக்கும் முன் கை வற்ற வேண்டும். அதற்கு மூன்று வாரம் கட்டுப் போட வேண்டும் என்று மறுநாள் அப்பாவிடம் அளவக்கா சொன்னார். முதலில் தோலுக்கு எண்ணெய்ப்பசை உள்ள களிம்பு, அதன்மேல் மெல்லிய பருத்தி உறை, அதன்மேல் பஞ்சுப் பட்டை, எல்லாவற்றுக்கும் மேல் அதிகம் இழுபடாத பேண்டேஜ். விரல்களிலிருந்து தொடங்கி அக்குள்வரை சுற்ற வேண்டும். அப்பா முதல் முறை சுற்றியபோது பேண்டேஜ் அவிழ்ந்து முழங்கைக்கு வந்து தொங்கியது. பாவம் பார்த்தால் வீங்கும் என்றார் அளவக்கா. இரண்டாவது முறை அம்மாவின் நகங்கள் வெளுத்தன. மொத்தத்தையும் அவிழ்க்கச் சொன்னார்.

எவ்வளவு இறுக்க வேண்டும், எண் எதுவும் இருக்கிறதா என்று அப்பா கேட்டார். கைதான் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார் அளவக்கா. அப்பா பேண்டேஜைச் சும்மா காற்றில் இழுத்து இழுத்து விட்டுப் பார்த்தார். மிஷினில் நூலின் இழுப்பைச் சரிபார்க்கும்போது அவருடைய முகம் இப்படித்தான் இருக்கும். அதிகமானால் துணி சுருங்கும், குறைந்தால் நூல் தொங்கும். மூன்றாவது முறை கட்டு நின்றது. அளவக்கா மணிக்கட்டில், முழங்கையில், மேல்கையில் ஒவ்வொரு இடமாக அழுத்திப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அதற்கப்புறம் தினமும் காலையில் கடை திறக்கும் முன் வெட்டும் மேசைதான் கட்டுப் போடும் மேசை. அப்பா சுற்றுவார், நான் அடுத்த சுருளை எடுத்துக் கொடுப்பேன். விரல் நீலமாகிறதா, மரத்துப்போகிறதா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து கேட்பார். "விரல் மரக்கல, காதுதான் மரத்துப்போச்சு" என்பாள் அம்மா. எட்டாவது நாள் ஆஸ்பத்திரியில் அளந்தபோது மணிக்கட்டு பழைய அளவுக்குக் கிட்டத்தட்ட வந்திருந்தது. புறங்கையில் முட்டிகள் தெரிந்தன. கட்டோடு கையைச் சும்மா வைக்காதீர்கள், வேலை செய்தால்தான் தசை அமுக்கி நீரை மேலே தள்ளும், களைத்தால் நிறுத்துங்கள் என்றார் அளவக்கா.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கத்தரிக்கோலை எடுத்தாள். கட்டுப் போட்ட கட்டைவிரல் வளையத்தின் வாசலிலேயே நின்றுவிட்டது. அவள் அதைத் துணிக்கு அடியில் வைத்தாள். அப்பா அதைப் பார்த்தார்.

மறுநாள் மத்தியானம் அவர் கத்தரிக்கோலோடு எதிர் சந்து லேத் பட்டறைக்குப் போனார். திரும்பி வந்தபோது கட்டைவிரல் வளையத்தை அறுத்து எடுத்துவிட்டு அதைவிட ஒன்றரை மடங்கில் ஒரு கம்பி வளையம் பற்றவைக்கப்பட்டிருந்தது. கோணலாக இருந்தது. உறுத்தக் கூடாது என்று மெத்தென்ற துணியைச் சுற்றித் தைத்திருந்தார். லேத்துக்காரர் இது என்ன ஆட்டுக்குக் கழுத்துப் பட்டையா என்று கேட்டாராம்.

"பெருசு பண்ணணும்னு நினைச்சிருந்தா இதைத்தான் பண்ணியிருக்கணும்" என்றார் அப்பா.

அம்மா கட்டைவிரலை உள்ளே விட்டாள். திறந்து மூடினாள். மேசையில் ஒரு சட்டைத் துணி விரித்து, சாக்பீஸில் கோடு போட்டுத் தயாராக இருந்தது. அப்பா நகர்ந்து நின்றார். அம்மா தோள் கோட்டில் தொடங்கினாள். முதல் அரை சாண் கொஞ்சம் ஆடியது. நின்று, மூச்சு விட்டு, மறுபடி வைத்தாள். பிறகு கத்தரிக்கோல் மேசையில் உரசும் அந்தச் சத்தம் சீராக வந்தது. கைக்குழி வளைவில் பாதி போனதும் நிறுத்திவிட்டாள். நெற்றி வேர்த்திருந்தது. நான் இரண்டு தலையணைகளை அடுக்கினேன். கையை அதன்மேல் தூக்கி வைத்துச் சாய்ந்துகொண்டாள்.

மிச்ச வளைவை முடித்துவிடலாம் என்று அப்பா மேசைக்கு வந்தார்.

"தொடாதீங்க" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமலே. "கொஞ்சம் வடியட்டும். நானே வெட்டிக்கறேன்."

அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மிஷினுக்குத் திரும்பிப் போனார். சட்டைக்காரர் வந்து கேட்டபோது நாளைக்கு வரச் சொன்னது நான்தான். துணி மேசையில் பாதி வெட்டிய வளைவோடு, கத்தரிக்கோல் வாய் திறந்தபடி, அப்படியே கிடந்தது.