பூஸ்டை வெட்டும் பெட்டி

நான் செய்யும் பெட்டி உள்ளங்கை அகலம்தான் இருக்கும். கறுப்பு பிளாஸ்டிக், நான்கு திருகு, ஒரு சிவப்பு விளக்கு. செகந்திராபாத் பக்கம் போலாரத்தில் சுனிலின் பட்டறையில் அதை வண்டிகளில் மாட்டுகிறோம். நானும் சுனிலும் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வளர்ந்தவர்கள். அவனுக்கு என்ஜின், எனக்கு எலக்ட்ரானிக்ஸ்.

வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே ஆசைதான். கம்பெனி கொடுத்த வேகம் போதாது. டர்போ என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிறது. அந்த அழுத்தத்தைத்தான் பூஸ்ட் என்கிறோம். பூஸ்டை ஏற்றினால் வண்டி பறக்கும், ஆனால் காற்று சூடேறி பிஸ்டன் உருகும். அதனால் டிக்கியில் ஒரு சின்ன டாங்க் வைத்து, தண்ணீரும் மெத்தனாலும் கலந்து, உள்ளே போகிற காற்றில் தூவுகிறோம். காற்று குளிர்கிறது, இன்னும் கொஞ்சம் திணிக்கலாம். அந்தத் தூவல் நடுவழியில் நின்றுபோனால் என்ஜினை யார் காப்பாற்றுவது? அதற்குத்தான் என் பெட்டி.

முதல் பெட்டியில் கோட்டை விட்டேன். டாங்கில் கலவை இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வைத்திருந்தேன். ஒரு வண்டியில் தூவும் முனை அடைத்துக்கொண்டது. டாங்க் நிறைய இருந்ததால் பெட்டி வாயே திறக்கவில்லை. ஓட்டை விழுந்த பிஸ்டனைப் படம் எடுத்து, 'ஜலஜா மேடத்தின் பாதுகாப்பு' என்று எழுதி, ஊரிலுள்ள கார் பைத்தியங்கள் எல்லாம் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டார் அந்த ஆள். என் மானம் கப்பலேறியது. எனக்குக் கோபம் வந்தால் சாப்பாடு இறங்காது. இரண்டு மாதம் ராப்பகலாக உட்கார்ந்து இரண்டாவது பெட்டியைச் செய்தேன்.

இது குழாயில் ஓடும் கலவையையே அளந்தது. ஓட்டம் தடுமாறினால் விளக்கு மினுக்கும். நின்றால் அதே கணத்தில் பூஸ்டை வெட்டும். முதல் சோதனை ஓட்டம் முடிந்து இறங்கிய சுனிலுக்கு முகம் வெளுத்திருந்தது.

"ஒரேயடியா வெட்டாத ஜலஜா. லாரியைத் தாண்டும்போது பவர் போனா ஆள் என்ன பண்ணுவான்? ரெண்டு செகண்ட் கொடு, மெதுவா இறங்கட்டும்."

"ரெண்டு செகண்ட்ல பிஸ்டன் கஞ்சியாயிடும். நக்கோ, வேண்டாம்."

வேறு வழி இருந்தது. அந்த இரண்டு விநாடியும் பெட்ரோலை அதிகமாக ஊற்றி, தீப்பொறியைத் தாமதித்து, என்ஜினைக் குளிர வைத்தபடியே பூஸ்டை இறக்கலாம். அதற்கு ஒவ்வொரு வண்டியின் கம்ப்யூட்டரோடும் தனித்தனியாக மல்லுக்கட்ட வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. இனி ஒரு பிஸ்டன் படம் அந்தக் குழுவில் வரக்கூடாது, அது மட்டும்தான் என் மனதில் இருந்தது.

கணேஷ்குமார் திருநெல்வேலிக்காரர். ஹைதராபாத்துக்கு ஐ.டி. வேலைக்கு வந்து இரண்டு வருடம். இரண்டாவது பெட்டியை மாட்டிக்கொண்டவர்களில் ஒருவர். சம்பளத்தை எல்லாம் தன் வண்டியில் கொட்டினார், மனைவி அனுபமா சிரித்துக்கொண்டே திட்டுவாள். ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எனக்கு போன் செய்தார். நான் அடுத்த பெட்டிக்கு சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, சேப்பு லைட்டு மினுக்கி மினுக்கி எரியுது. டாங்க் ஃபுல்லாத்தான் இருக்கு. சென்சார்தான் ஏதோ கோளாறுன்னு நினைக்கேன். ஸ்ரீசைலம் கிளம்பிட்டோம். போயிட்டு வந்து திங்கக்கிழமை கொண்டாந்து காட்டுதேன். போலாம்லா?"

"ஹவ்," என்றேன். "ஹவ், ஹவ்."

இதை விளக்கியாக வேண்டும். மூன்று தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கிற எங்கள் வீட்டில் 'ஹவ்' என்றால் ஆமாம் மட்டும் இல்லை. மற்ற தமிழர்கள் போனில் 'ம்' கொட்டும் இடத்தில் நாங்கள் ஹவ் கொட்டுவோம். காது இங்கே இருக்கிறது, மேலே சொல்லு என்று அர்த்தம். பல நேரம் காதுகூட இருக்காது, வாய் மட்டும் சொல்லும். அன்று அப்படித்தான். கணேஷ்குமாருக்கு அது கேப் டிரைவர்களிடம் கற்ற சொல். ஹவ் என்றால் ஆமாம் என்று மட்டும் அவருக்குத் தெரியும்.

ஸ்ரீசைலம் சாலையில் டிண்டியைத் தாண்டி, எதிரே வெகுதூரம் தெரியும் ஒரு அகலமான வளைவில் ஒரு பருத்தி லாரியை முந்தும்போது அவருடைய வண்டி சட்டென்று தளர்ந்தது. எதிரே வந்த பஸ், அவர் உட்கார்ந்திருந்த பக்கத்தில் மோதியது. கணேஷ்குமார் அங்கேயே இறந்துவிட்டார். பக்கத்து இருக்கையிலிருந்த அனுபமாவுக்கு இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

அஜாக்கிரதையாக முந்த முயன்றார் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. வண்டியை விடுவித்ததும் சுனில் போய்ப் பெட்டியைக் கழற்றி வந்தான். அதற்குள் பதிவாகியிருந்ததை லேப்டாப்பில் பார்த்தோம். உறிஞ்சும் குழாய் தளர்ந்திருந்ததால், வளைவில் பாதி தீர்ந்த டாங்கின் கலவை ஒரு பக்கம் ஒதுங்கியதும் பம்பு காற்றை உறிஞ்சியிருக்கிறது. ஓட்டம் நின்றது விநாடியில் மூன்றில் ஒரு பங்குதான். பெட்டி வெட்டிவிட்டது. அடுத்த நொடி கலவை மறுபடி ஒழுங்காக ஓடியிருக்கிறது, வெட்டிய பூஸ்ட்தான் திரும்ப வரவில்லை. சுனில் அங்கேயே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, என்ஜினுக்குள் சின்ன கேமரா விட்டு பிஸ்டன்களைப் பார்த்தானாம். புதுசு போல இருக்கின்றன என்று சொல்லிவிட்டு வெளியே போய் வாந்தி எடுத்தான்.

திரும்பி வந்ததும், போலீஸும் கேட்கவில்லை, இன்ஷூரன்ஸும் கேட்கவில்லை, நாமாகப் போய்க் கழுத்தை நீட்ட வேண்டாம் என்றான். நான் மறுக்கவில்லை. எனக்கு பயமாக இருந்தது. வெட்கத்தைவிட பயம்தான் அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினாறாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பார்த்து, பழத்தை வைத்து, இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவது என்று திட்டம். அனுபமா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம் இந்த லாரி புகையைக் குடிக்கறது, முந்துங்கன்னு நான்தான் சொன்னேன் அக்கா. அவர் பேசாமத்தான் வந்துட்டிருந்தார். நான் வாயை மூடிட்டு இருந்திருக்கணும்."

மாமியாரிடமும் இதைச் சொல்லிவிட்டாளாம். அன்றிலிருந்து அந்த அம்மாள் இவள் முகத்தைப் பார்ப்பதில்லை. இவள் அதையும் நியாயம் என்றே சொன்னாள்.

என் பயம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முந்தியதில் தப்பில்லை, இடம் இருந்தது, பவர் இருந்திருந்தால் தாண்டியிருப்பார், பவரை நிறுத்தியது என் பெட்டி என்றேன். சுனில் இரண்டு விநாடி கேட்டதையும் நான் கொடுக்காததையும் சொன்னேன். கடைசியாக அந்த போனைப் பற்றிச் சொன்னேன்.

அவள் என் கையை விட்டாள். "போனை வெச்சுட்டு, அக்கா ஹவ்னுட்டாங்கன்னு சிரிச்சார்."

நான் அவர் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை என்றேன். அதைச் சொல்லும்போதே அழுதேன். ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேனா, காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தேனா, எனக்கே தெரியாது. அவள் இரண்டும் செய்யவில்லை. அழுது முடிக்கும் வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பெட்டி வேற யார் வண்டியில இருக்கு?"

"பதினோரு வண்டில."

"அவங்களுக்குச் சொல்லிட்டீங்களா?"

பதினாறு நாள். மாட்டிக்கொள்வேனா, ஜெயில் வருமா, பட்டறை போகுமா என்று எல்லாக் கணக்கும் போட்டிருந்தேன். அந்தப் பதினோரு பேரும் தினமும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் புத்தியில் ஒரு முறைகூட உறைக்கவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அப்புறம் ஏன் இங்க உட்கார்ந்து அழறீங்க?"

அவள் குரலில் கோபம்கூட இல்லை.

வராந்தாவுக்கு வந்து போனை எடுத்தேன். முதல் ஆள் பட்டான்செருவில் ஒரு மருந்து கம்பெனி மேனேஜர். ஓட்டிக்கொண்டுதான் இருந்தார், பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். பெட்டியைக் கழற்றி, பூஸ்டை கம்பெனி அளவுக்கு இறக்கும் வரை வண்டியை எடுக்க வேண்டாம் என்றேன். ஏன், என்ன ஆச்சு மேடம் என்று சலித்துக்கொண்டார். என் பெட்டியால் ஒருவர் செத்துவிட்டார் என்றேன். அவர் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லவே, சத்தமாக இன்னொரு முறை சொன்னேன்.

அடுத்த எண்ணைப் போட்டேன். பிறகு அதற்கடுத்தது. ஒவ்வொருவரும் ஏன் என்று கேட்டார், ஒவ்வொருவருக்கும் அதே வாக்கியத்தைச் சொன்னேன். அறைக் கதவு திறந்தே இருந்தது. பதினோரு முறையும் அவள் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.