சோதனைக்காரனுக்கு ஒரு முகம்

கண்ணுகளா, கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், ஒரு கதை இருக்கிறது. நடுவில் என் குரல் ஏறினால் பயப்படாதீர்கள். கோபம் உங்கள் மேல் இல்லை.

நம் மூடிப்போன தங்கச் சுரங்கத்தை ஒட்டிய பாலகாட்டில் ஐடா என்று ஒரு பெண், படம் வரைகிறவள். போன வருஷம் ஜெர்மனிக்கு வந்து தங்கி வரையச் சொல்லி அழைத்தார்கள். அங்கேயும் மூடிப்போன சுரங்கம் ஒன்று, நிலக்கரி. உள்ளே பெரிய கூடம், கூரையிலிருந்து சங்கிலிகளில் சட்டையும் பூட்ஸும் தொங்கின. ஷிப்ட் முடிந்தவர்கள் உடுப்பைக் கழற்றுகிற இடம் என்றார், சுற்றிக் காட்டிய கிழவர். சோதனை போடுகிறவன் எங்கே நிற்பான் என்று ஐடா கேட்டாள். கிழவருக்கு விளங்கவில்லை. குளிக்கத்தானே கழற்றினோம் என்றார்.

நம் ஊரில் சுரங்கத்திலிருந்து கேஜ் கூண்டில் ஏறி மேலே வந்தவன் எதற்குக் கழற்றினான்? தங்கம் ஒளித்திருக்கிறானா என்று ஒருவன் தடவிப் பார்க்க. பிள்ளை பெற்றவன், சர்ச்சில் பாட்டுப் பாடுகிறவன், எல்லாரும் வரிசையில். கரியை எவன் திருடுவான், தங்கம் அப்படியா என்பார்கள். சொல்லட்டும். அந்தத் தங்கத்தில் ஒரு மூக்குத்தியாவது நம் தொழிலாளி லைன் வீடுகளுக்கு வந்ததா? குளிப்பதற்கும் கழற்றுவார்கள் என்பதே அந்தப் பெண்ணுக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

ஊர் திரும்பியதும் சுவர் அகலத் துணியில் வரைந்தாள். அம்மணமாக ஆண்கள் வரிசை; முன்னால் அவள் அப்பா வால்டர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஹாலில் மாட்டப்போவதாகச் சொன்னாள். வால்டர் போர்வையால் படத்தை மூடினார். மாட்டினால் இந்த வீட்டில் இருக்கமாட்டேன் என்று மனைவி நேசமணியிடம் சொன்னார், மகளோடு பேச்சில்லை.

சனிக்கிழமை ஐடாவுக்குப் பொறுக்கவில்லை.

"உன்ன நிக்க வெச்சது நானா நைனா?"

வால்டர் எழுந்து போர்வையை இழுத்துப் போட்டார். வெகுநேரம் பார்த்தார். சோதனைக்காரன் ஓரத்தில் இருந்தான், முதுகு மட்டும்.

"என் மூஞ்சிய நல்லாத்தான் போட்டுக்கிற. தடவனவன் மூஞ்சி எங்க?"

"அவன எனக்குத் தெரியாதே."

"எனக்குத் தெரியும். எங்களுக்குத் துணி போடு, அவனுக்கு மூஞ்சி போடு. குந்து, சொல்றேன்."

மூக்கு, மீசை, கறைப் பல், அந்தச் சிரிப்பு. ஒவ்வொன்றாகச் சொன்னார், அவள் ஒவ்வொன்றாகப் போட்டாள். விடிவதற்குள் வரிசையில் நின்றவர்களுக்குத் துணியும் போட்டாள்.

ஞாயிறன்று பழைய ஆட்கள் படத்தின் முன் வந்து நின்றார்கள். வால்டரோடு ஒரே ஷிப்டில் இறங்கிய ராஜப்பா மட்டும் செருப்பைக் கழற்றி அந்த முகத்தில் ஓர் அடி அடித்தார். வால்டர் தடுக்கவில்லை. பெயிண்ட் காயாததால் அடி அப்படியே பதிந்தது. ஐடா அதை அழிக்கவில்லை.

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் போகும்போது இருந்த மானத்தோடு திரும்பட்டும். அவர்கள் மேல் எவன் கையும் படாதிருக்கட்டும். உங்கள் அடுப்பு அணையாதிருக்கட்டும்.